இடம் மாறிய வலிமை

நுழையும்முன்

கல்விக்காகக் கடல் கடப்போர் நூல்களையும் உடைகளையும் பெட்டியில் அடுக்கிக்கொள்கின்றனர். உடல்நலம் தம்முடன் வரும் என்பதை எண்ணிப் பார்க்காமலே நம்பிவிடுகின்றனர். அந்த நம்பிக்கை ஒரு விபத்தினால் உடையுமானால் கல்வி என்னவாகும்? நடக்க இயலாத நிலையில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இரண்டு அயல்நாடுகளுக்குச் சென்று, ஒன்றில் நோயாளியாகவும் மற்றொன்றில் மாணவராகவும் பயின்று திரும்பிய மருத்துவர் ஒருவரின் வாழ்க்கை இக்கேள்விக்கு விடையாக அமைகிறது.

வேலூருக்கு வந்த மாணவி

மருத்துவர் மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கேரளத்தின் கொச்சிப் பகுதியில் பிறந்தவர். மருத்துவக் கல்வி பயில வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அமெரிக்காவில் மருத்துவம் பயின்று திரும்பிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் வேலூரில் தொடங்கிய சிறிய மருத்துவப் பணி வளர்ந்து, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, பின்னர் கல்லூரியாக உயர்ந்திருந்தது. அங்கே பட்டம் பெற்ற மேரி வர்கீஸ், பெண்களுக்கான மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற விரும்பினார். நெடுநேரம் நின்று செய்ய வேண்டிய அறுவைகளும், இரவு பகல் பாராமல் விரைந்து ஓட வேண்டிய பணிகளும் நிறைந்த துறை அது.

ஒரு நொடியில் மாறிய வாழ்வு

1954ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இளம் மருத்துவர்கள் சிலருடன் அவர் சென்ற வண்டி விபத்துக்குள்ளாகிக் கவிழ்ந்தது. அவருடைய முகத்தில் ஆழ்ந்த காயங்கள் ஏற்பட்டன. அதனினும் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிகழ்ந்திருந்தது. முதுகெலும்பினுள் இருக்கும் தண்டுவடம் சிதைந்து, இரு கால்களும் செயலிழந்தன.

தண்டுவடம் என்பது மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டு செல்லும் நரம்புகளின் தொகுதி. அது சிதைந்தால், சிதைந்த இடத்திற்குக் கீழே மூளையின் ஆணை சென்று சேர்வதில்லை. கீழிருந்து வரும் உணர்வும் மூளையை எட்டுவதில்லை. முறிந்த எலும்பு கூடிவிடும். கிழிந்த தோல் ஆறிவிடும். ஆனால் முற்றிலும் சிதைந்த தண்டுவடத்தை மீண்டும் இணைக்கும் வழி அன்றும் இல்லை, இன்றும் கண்டறியப்படவில்லை.

இத்தகைய காயம் அடைந்தவர் முதலில் கேட்கும் கேள்வி, 'மீண்டும் நடப்பேனா?' என்பதாகும். விடை 'இல்லை' என்றால் அடுத்த கேள்வி என்ன? அந்த இரண்டாவது கேள்வியைக் கண்டுபிடிப்பதில்தான் மறுவாழ்வு தொடங்குகிறது. மேரி வர்கீசுக்கு அதைக் கண்டுபிடிக்க உதவியது, வேலூரில் அப்போது நடந்துவந்த மற்றொரு மருத்துவப் பணியாகும்.

அமர்ந்து செய்யும் அறுவை

மருத்துவர் பால் பிராண்ட், 1914ஆம் ஆண்டு தமிழகத்தின் கொல்லிமலையில், அங்குப் பணியாற்றிய ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவையின் வழியாகச் சீர்செய்யும் முறையை அவர் வளர்த்துவந்தார்.

அம்முறையின் அடிப்படையை அறிந்துகொள்வது இப்பாடத்திற்கு இன்றியமையாதது. தொழுநோய் முழங்கையருகே செல்லும் நரம்பைத் தாக்கும்போது, உள்ளங்கையில் உள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் பறவையின் நகம்போல மடங்கிவிடுகின்றன. ஆயினும் முன்கையிலுள்ள பெரிய தசைகள் பல வலிமை குன்றாமல் இருக்கும். அவ்வாறு செயல்படும் தசை ஒன்றின் நாணைப் பிரித்தெடுத்து, வேறு வழியாகக் கொண்டுசென்று விரல்களுடன் இணைப்பார் மருத்துவர். செயலிழந்த தசையின் வேலையைச் செயல்படும் தசை ஏற்றுக்கொள்கிறது. இல்லாத வலிமையை யாரும் புதிதாகப் படைப்பதில்லை. இருக்கும் வலிமை இடம் மாற்றப்படுகிறது.

அறுவை முடிந்ததும் விரல்கள் தாமே இயங்கத் தொடங்கிவிடுவதில்லை. இதுவரை ஒரு வேலை செய்துவந்த தசை இப்போது வேறொரு வேலை செய்ய வேண்டும் என்பதை மூளை கற்றுக்கொள்ள வேண்டும். வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்படும். கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும்; கற்றலின் வேலை அதன் பின்னரே தொடங்கும்.

கையில் செய்யும் அறுவைக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. நோயாளியின் கையைச் சிறு மேசைமீது நீட்டிவைத்து, மருத்துவர் அமர்ந்தபடியே அதனைச் செய்யலாம். பால் பிராண்டின் ஊக்குவிப்பால் மேரி வர்கீஸ் இத்துறையில் பயிற்சி பெற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நடக்க இயலாத ஒருவர், பிடிக்க இயலாத கைகளைப் பிடிக்கச் செய்தார். தசைநாணுக்கு நேர்ந்த இடமாற்றம் மருத்துவரின் வாழ்விலும் நேர்ந்தது.

அந்த நோயாளிகளுக்கும் அவருக்கும் இடையே ஆழமான ஓர் ஒற்றுமையும் இருந்தது. தொழுநோயாளியின் கைக்குச் சூடு தெரியாது. கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டாலும் வலி எழாது. அதனாலேயே காயங்கள் பெருகும். தண்டுவடம் சிதைந்தவரின் கால்களுக்கும் இடுப்புக்கும் வலி தெரியாது; ஒரே நிலையில் நெடுநேரம் அமர்ந்தால் தோல் நசுங்கிப் புண்ணாவது தெரியாது. வலி என்பது உடலின் காவலாள். காவலாள் இல்லாத வீட்டை உரிமையாளரே விழித்திருந்து காக்க வேண்டும். இதனை நூலின் வழியாக மட்டுமன்றித் தம் உடலின் வழியாகவும் அறிந்தவராக மேரி வர்கீஸ் இருந்தார்.

பெர்த் நகரில் உடல் கற்ற பாடம்

அறுவை செய்யும் திறன் கைவந்தபின்னும் அவருடைய அன்றாட வாழ்வு பிறர் உதவியையே சார்ந்திருந்தது. தண்டுவடக் காயமுற்றோருக்குத் தற்சார்புப் பயிற்சி அளிக்கும் மருத்துவமனைகள் அக்காலத்தில் உலகில் மிகச் சிலவே இருந்தன. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அத்தகைய பிரிவு ஒன்று இயங்கிவந்தது. மறுவாழ்வுப் பயிற்சிக்காக மேரி வர்கீஸ் அங்குச் சென்றார்.

அங்கு அளிக்கப்படும் பயிற்சிகள் பார்வைக்கு மிக எளியவை. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுதல், நாற்காலியிலிருந்து குளியலறை இருக்கைக்கு மாறுதல், தாமே உடை அணிதல், சிறுநீர்ப்பையையும் குடலையும் கால ஒழுங்கிற்குப் பழக்குதல், தோலை நாள்தோறும் ஆய்ந்து பார்த்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். நாற்காலியின் கைப்பிடிகளில் இரு கைகளையும் ஊன்றி, உடலைச் சற்றே உயர்த்தி இறக்குவது இன்றியமையாத பயிற்சியாகும். குறித்த இடைவெளியில் அதனைச் செய்துவந்தால் அழுத்தத்தால் உண்டாகும் புண்களைத் தவிர்க்கலாம். உடலைச் சுமப்பது கால்களின் பணி. அப்பணியைத் தோள்களும் கைகளும் ஏற்றுக்கொள்கின்றன. வேலூரின் அறுவை அரங்கில் தசைநாணுக்குச் செய்ததை இங்கே முழு உடலும் செய்கிறது.

மருத்துவராக இருந்தவர் நோயாளியாக மாறிப் பிறர் சொல்வதைக் கேட்டுப் பயில்வது எளிதன்று. சிகிச்சையை எழுதித் தருவோர் அதன் அயர்ச்சியை அறிவதில்லை. அதனைச் செய்து முடிப்போரே அறிவர். ஒருநாள் முன்னேற்றமும் மறுநாள் பின்னடைவும் மாறி மாறி வரும் அந்தப் பாதையை மேரி வர்கீஸ் நடுவிலிருந்து பார்த்தார். அவருடைய பிற்காலப் பணிக்கு இந்த அறிவே அடித்தளமாயிற்று.

| தெரியுமா? |
|---|
| இரண்டாம் உலகப் போருக்கு முன், தண்டுவடக் காயமுற்றோரில் பெரும்பாலோர் அழுத்தப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் நெடுங்காலம் வாழாமல் இறந்தனர். ஜெர்மனியிலிருந்து 1939இல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இவர்களுக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் சக்கர நாற்காலியினருக்கான வில்வித்தைப் போட்டியை அங்கு நடத்தினார். அதுவே இன்றைய பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்தாயிற்று. |

நியூயார்க் நகரில் மீண்டும் மாணவர்

தாம் பெற்ற மறுவாழ்வு தம் நாட்டினருக்கும் கிடைக்க வேண்டுமானால், அதனை அளிக்கும் கல்வியைப் பெற வேண்டும். அந்நோக்கத்துடன் மேரி வர்கீஸ் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இருந்த உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வு நிறுவனத்தில் பயிற்சி பெறச் சென்றார். இம்முறை அவர் மாணவர்.

அந்நிறுவனத்தை உருவாக்கியவர் மருத்துவர் ஹோவர்டு ரஸ்க். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வான்படையில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், காயமுற்ற வீரர்கள் படுக்கையில் வெறுமனே காத்திருப்பதைவிடப் பயிற்சியிலும் கல்வியிலும் ஈடுபட்டால் விரைந்து தேறுவதைக் கண்டார். நோயைத் தடுப்பது, நோயைத் தீர்ப்பது ஆகிய இரண்டோடு மருத்துவத்தின் கடமை முடிவதில்லை. தேறியவரை வாழ்வுக்குத் திருப்பி அனுப்புவதும் அதன் கடமையே என்பது அவருடைய கொள்கை.

இக்கொள்கை மருத்துவம் பயிலும் முறையையே மாற்றியது. வழக்கமான மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் முடிவெடுப்பார். மறுவாழ்வு மருத்துவத்திலோ மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர், செயற்கை உறுப்பு செய்பவர், சமூகப் பணியாளர், தொழில் ஆலோசகர் ஆகியோர் ஒரு குழுவாக அமர்ந்து திட்டமிடுவர். அக்குழுவில் நோயாளிக்கும் இடம் உண்டு. தமக்கு எது வேண்டும் என்பதை அவரே சொல்ல வேண்டும். ஒருவர் எதை இழந்தார் என்பதோடு, அவரிடம் எது எஞ்சியிருக்கிறது என்பதும் அங்கே கணக்கிடப்படும். எஞ்சியிருப்பதைக் கொண்டு அவர் எந்த வீட்டிற்கும் எந்தத் தொழிலுக்கும் திரும்பப்போகிறார் என்பதற்கேற்பப் பயிற்சி அமையும்.

இக்கல்வியைச் சக்கர நாற்காலியில் இருந்தபடி அயல்நாட்டுப் பெருநகரில் பெறுவதன் கடினத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்குப் பொதுக் கட்டடங்களிலும் பேருந்துகளிலும் இடமளிக்கும் விரிவான சட்டம் அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. அவர் பயின்ற காலத்தில் நடைபாதையின் விளிம்பும் வாயிற்படிகளும் சக்கர நாற்காலியை நிறுத்திவிடும் தடைகளாகவே இருந்தன. நண்பரைக் காணப் புறப்படுவோர்கூட அந்த வீட்டிற்கு எத்தனை படிகள் என்று முதலில் கேட்டறிய வேண்டிய காலம் அது. உதவி கேட்பதைத் தாழ்வாக நினைப்பவரால் அத்தகைய சூழலில் ஒருநாளும் கற்க முடியாது. எந்த வேலையைத் தாமே செய்ய வேண்டும், எதற்குப் பிறர் உதவியை நாட வேண்டும் எனப் பிரித்தறிவதும் தற்சார்பின் ஒரு பகுதியே.

வேலூருக்கு வந்த கல்வி

பயிற்சி முடித்துத் தாயகம் திரும்பிய மேரி வர்கீஸ், 1963ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார். உள்நோயாளிப் பிரிவுடன் இந்தியாவில் அமைந்த முதல் மறுவாழ்வு மருத்துவத் துறை எனப் போற்றப்படுவது அது. 1966ஆம் ஆண்டில் மறுவாழ்வு நிறுவனமாக அது விரிவடைந்தது. கல்லூரி வளாகம் அமைந்த பாகாயத்தில் அந்நிறுவனம் இன்றும் இயங்கிவருகிறது.

அயல்நாட்டில் கற்றதை அப்படியே இங்கு நட்டால் அது வேரூன்றாது. சமதளத் தரையும் அகன்ற கதவும் கொண்ட வீட்டை மனத்தில் வைத்து வகுத்த பயிற்சி, மண்தரையும் உயர்ந்த வாசற்படியும் கொண்ட வீட்டிற்குத் திரும்புவோருக்குப் போதாது. கிணற்றடி, வரப்பு, தரையில் அமர்ந்து உண்ணும் வழக்கம் ஆகிய யாவும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். மரம் ஏறும்போது விழுந்தவரும் கிணற்றில் தவறி விழுந்தவரும் நம் நாட்டுத் தண்டுவட நோயாளிகளில் அடங்குவர். அவர்கள் மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை. சிகிச்சை பெற்றுச் சென்றோர் மீண்டும் ஒன்றுகூடித் தம் வாழ்வைப் பகிர்ந்துகொள்ளும் விழா வேலூரில் ஆண்டுதோறும் நடைபெறுவது இவ்வுணர்வின் தொடர்ச்சியாகும்.

மேரி வர்கீசின் வாழ்க்கை வரலாற்றை டோரத்தி கிளார்க் வில்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 'டேக் மை ஹேண்ட்ஸ்' என்னும் நூலாக எழுதினார். 1972ஆம் ஆண்டு இந்திய அரசு மேரி வர்கீசுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. 1986ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் தொடங்கிவைத்த துறையில், அவர் அமர்ந்ததைப் போன்ற நாற்காலியில் அமர்ந்து புது வாழ்வைப் பயில்வோர் இன்றும் வந்தவண்ணம் உள்ளனர்.

இன்று வெளிநாடு செல்வோருக்கு

கல்விக்காக அயல்நாடு செல்லும் மாணவர் அனைவருக்கும் இத்தகைய பெருங்காயம் நேர்வதில்லை. எனினும் பனியில் வழுக்கிக் கால் முறிவதும், மிதிவண்டியிலிருந்து விழுந்து கை ஒடிவதும், விளையாட்டில் முழங்கால் பிசகுவதும் எவருக்கும் நேரக்கூடியவையே. தாயும் தந்தையும் அருகில் இல்லாத இடத்தில் சிறு காயமும் பெரிதாகத் தோன்றும். முன்னறிவு இருந்தால் அச்சம் பாதியாகும்.

முதலாவது, விபத்தில் கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைக்கக் கூடாது. தீ போன்ற உடனடி ஆபத்து இருந்தாலன்றி அவரை அசைக்காமல், பயிற்சி பெற்றவர் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். தவறான தூக்குதல், சிதையாத தண்டுவடத்தையும் சிதைத்துவிடும். அவசர உதவிக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, இங்கிலாந்தில் 999, ஆஸ்திரேலியாவில் 000, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112 ஆகிய எண்களை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 108 என்பதை நாம் அறிவோம்.

இரண்டாவது, மருத்துவக் காப்பீட்டின் விதிகளைப் புறப்படும் முன்னரே படித்தறிதல் வேண்டும். மருத்துவச் செலவு மிகுந்த நாடுகளில், காப்பீடு எதனை ஏற்கும், எதனை ஏற்காது என்பதைக் காயம்பட்ட பிறகு அறிவது காலம் கடந்த அறிவாகும்.

மூன்றாவது, பல்கலைக்கழகங்களில் காயமுற்ற மாணவருக்கும் மாற்றுத்திறனாளி மாணவருக்கும் உதவும் அலுவலகங்கள் உள்ளன. மருத்துவச் சான்றுடன் அங்குத் தெரிவித்தால் தேர்வில் கூடுதல் நேரம், குறிப்பெடுக்க உதவி, படிகள் இல்லாத வகுப்பறை முதலியவற்றை நாடலாம். காயத்தை மறைத்துக்கொண்டு வகுப்பில் பின்தங்குவது வீரமாகாது. நம் மாநிலப் பொதுத்தேர்விலும் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் ஆகிய சலுகைகள் மாற்றுத்திறனாளி மாணவருக்கு உண்டு.

நான்காவது, வீட்டிற்கு உண்மையைச் சொல்லுதல் வேண்டும். பெற்றோர் கவலைப்படுவர் என்று மறைப்பதால் கவலை ஒழிவதில்லை. அது காயமுற்றவரின் தனிமையாக மாறி வளர்கிறது.

| தெரிந்து தெளிவோம் |
|---|
| மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இந்தியாவில் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றிருந்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களிலும் குறைந்தது 5 விழுக்காடு இடங்கள் இச்சட்டத்தின்படி ஒதுக்கப்பட வேண்டும். |

காயமும் கல்வியும்

காயம் ஒருவரை உயர்த்தும் என்று சொல்வது உண்மைக்குப் பொருந்தாது. காயம் வலியையும் இழப்பையுமே தருகிறது. மேரி வர்கீசின் கால்கள் இறுதிவரை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவரை உயர்த்தியது காயத்திற்குப் பின் அவர் மேற்கொண்ட கல்வியாகும். அக்கல்வியை அவர் தனியே பெறவில்லை. வழி காட்டிய ஆசிரியரும், பயிற்சி தந்த மருத்துவமனையும், மாணவராக ஏற்றுக்கொண்ட நிறுவனமும், பணியிடம் தந்த கல்லூரியும் உடன் நின்றன. அவற்றுள் ஒன்று இல்லாதிருந்தாலும் அந்தச் சக்கர நாற்காலி ஒரு வீட்டின் மூலையிலேயே நின்றிருக்கக்கூடும்.

எனவே இப்பாடம் காயமுற்றோருக்கு மட்டும் உரியதன்று. அவருடன் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்போருக்கும் உரியது. வகுப்பறை வாயிலில் ஒரு சாய்தளம், எழுத இயலாதவருக்காக எடுத்துவைக்கும் ஒரு குறிப்பு, மாடிப்படியின் அடியில் காத்திருக்கும் ஒரு தோழமை ஆகியவையும் மறுவாழ்வு மருத்துவத்தின் கருவிகளே. தசைநாண் இடம் மாறுவதுபோல வலிமை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கும் இடம் மாறக்கூடியது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளி வளாகத்தைச் சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவரின் நோக்கில் சுற்றிப் பார்த்து, அவருக்குத் தடையாக உள்ளவற்றையும் அவற்றை நீக்கும் வழிகளையும் பட்டியலிடுக.

2. விபத்தில் காயமுற்று இரண்டு மாதம் பள்ளிக்கு வர இயலாத நண்பருக்கு, வகுப்பு எவ்வாறு உதவலாம் என்பது குறித்துக் குழுவாகக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. மேரி வர்கீஸ் மறுவாழ்வுப் பயிற்சி பெற்ற நகரம்
அ) லண்டன்  ஆ) பெர்த்  இ) பெர்லின்  ஈ) ரோம்

2. 'வலி என்பது உடலின் காவலாள்' என்னும் தொடரில் அமைந்துள்ள அணி
அ) உவமை அணி  ஆ) உருவக அணி  இ) தற்குறிப்பேற்ற அணி  ஈ) வேற்றுமை அணி

குறுவினா

1. தண்டுவடத்தின் பணி யாது?
2. கையில் செய்யும் அறுவை மேரி வர்கீசுக்கு ஏற்றதாக அமைந்தது ஏன்?

சிறுவினா

1. தொழுநோயாளிக்கும் தண்டுவடக் காயமுற்றவருக்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.
2. அயல்நாட்டில் கற்ற மறுவாழ்வுப் பயிற்சியை நம் நாட்டுச் சூழலுக்கேற்ப மாற்ற வேண்டியதன் காரணங்கள் யாவை?

நெடுவினா

'இல்லாத வலிமையை யாரும் புதிதாகப் படைப்பதில்லை. இருக்கும் வலிமை இடம் மாற்றப்படுகிறது' என்னும் கருத்து மேரி வர்கீசின் வாழ்வில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதைக் கட்டுரையாக வரைக.